ஒருவழி நேரம்

பிப்ரவரி 11

முதலாண்டு விடைத்தாள் இன்னும் ஒரு கட்டு பாக்கி. கழித்தல் குறியைக் கூட்டலாக்கும் வியாதி இந்த வருடம் வகுப்பு முழுக்கப் பரவியிருக்கிறது. சிவப்பு மை தீர்ந்து பச்சையில் திருத்திக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் சரசரவென்று சத்தம். போய்ப் பார்த்தால் இவர் படியில் உட்கார்ந்து பெரிய சுருளிலிருந்து ஒளி ஓடும் ஃபைபர் இழையைப் பிரித்துக் கைப்பிடியோரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். வாயில் கத்தரிக்கோல்.

"எது வரைக்கும்?" என்றேன்.

கத்தரிக்கோலை எடுத்துவிட்டுச் சொன்னார்: "அவ ரூம் வரைக்கும்."

திரும்பி வந்து மறுபடி திருத்த உட்கார்ந்தேன். அடுத்த மூன்று தாளுக்கும் தாராளமாக மதிப்பெண் போட்டிருக்கிறேன். நாளைக்கு ஒருதரம் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 12

அவள் அறைக் கதவு ஆறு மாதத்துக்குப் பிறகு திறந்திருக்கிறது. நான் உள்ளே போகவில்லை.

பிப்ரவரி 16

நாத்தனார் போனில் ஒரு மூச்சு புலம்பித் தீர்த்தாள். "அண்ணி, அண்ணனை யாராவது நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. வெளிச்சத்துக்குப் புதுசா கணக்கு எழுதறேன்னு என்கிட்ட ஒரு மணி நேரம் பேசறாரு. எனக்கு கரண்ட் பில் கணக்கே புரியாது."

எனக்குப் புரிகிறதா? புரிவதுதான் தொல்லை.

இவருடைய வேலையே கடிகாரங்களை ஒத்துவைப்பது. தொலைபேசி நிறுவனத்தில், ஊருக்கு ஊர் இருக்கும் இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா என்று பார்க்கும் பிரிவு. ஒரு சமிக்ஞை எங்கே எவ்வளவு தாமதித்தது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். ஆகஸ்டில் ஒரு மதியம் எங்கள் மகள் குட்டி, வெளியூரில் தன் புது ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, இவரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். சிரித்தாளாம். படம் அப்படியே நின்றுவிட்டது. "நெட்டு போச்சு" என்று எனக்குக் குரல் கொடுத்துவிட்டு இவர் குளிக்கப் போனார். "அப்புறம் பண்ணுவா" என்று நானும் சொன்னேன். நடைபாதையை விட்டு இறங்கியவளை லாரி அடித்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியவந்தபோது இவருக்குத் தலைகூடக் காய்ந்துவிட்டிருந்தது.

இணைப்பு எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர். அவருக்கு அன்று அது தெரியவில்லை.

அதற்குப் பிறகு விடுப்புதான். எழுதிக்கொண்டே இருக்கிறார். எங்கள் கணிதத் துறையில் ஒரு கருத்தரங்கில் பேச வேண்டுமென்றார். துறைத்தலைவர் இரக்கப்பட்டு மார்ச் 20 கொடுத்திருக்கிறார். அதற்குள் நான் முழுவதையும் படித்து, கணக்கு சரி என்று சொல்ல வேண்டுமாம். "நீ சரின்னா சரி. நீ தப்புன்னா விட்டுடறேன்" என்கிறார். விட்டுவிட்டு என்ன செய்வார்? இதுதான் எனக்குப் பயம். இந்தக் காகிதங்களைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறார்.

பிப்ரவரி 20

படித்தேன். கையெழுத்து மோசம், கணக்கு மோசமில்லை.

எளிமையாக எழுதிப் பார்க்கிறேன், எனக்கே தெளிய. ஒளியை ஒரு கண்ணாடிக்கு அனுப்பினால் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை என் கையிலுள்ள ஒரே கடிகாரத்தால் அளக்கலாம். போக மட்டும் எவ்வளவு என்று கேட்டால் கண்ணாடி இருக்கும் இடத்திலும் ஒரு கடிகாரம் வேண்டும். அது என் கடிகாரத்தோடு ஒத்திருக்கிறதா என்று தெரிய ஒரு சமிக்ஞை அனுப்ப வேண்டும். அந்தச் சமிக்ஞை போய்ச்சேர எவ்வளவு ஆகும்? கேட்டதே அதைத்தான். ஆகையால் போவதும் வருவதும் சரிபாதி என்று வைத்துக்கொண்டார்கள். சிறப்புச் சார்பியல் அந்த இடத்தில் தொடங்குகிறது. சரிபாதி என்பது யாரும் அளந்து கண்டதில்லை, வைத்துக்கொண்டது.

இவர் வேறுமாதிரி வைத்துக்கொள்கிறார். நம்மை விட்டுப் போகும் ஒளி பாதி வேகத்தில் போகிறது. நம்மை நோக்கி வரும் ஒளிக்கு நேரமே ஆவதில்லை. மொத்தம் அதேதான். ஆனால் இந்தக் கணக்கில், பார்க்கிறோம் என்றால் அது இப்போதே நடக்கிறது. நட்சத்திரத்தைப் பார்த்தால் அது இப்போது இருக்கிற நட்சத்திரம். செத்துப்போன நட்சத்திரத்தின் பழைய வெளிச்சம் என்று எவரும் பயமுறுத்த முடியாது.

எதற்காக இப்படி எழுதுகிறார் என்று புரிந்துவிட்டது. அவள் சிரிப்பை இவர் பார்த்த அந்த நொடியில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று ஆக வேண்டும். சாயங்காலம் பால்கனியில் நின்று எதிர்க் கட்டிட விளக்குகளைப் பார்த்தேன். எல்லாம் இப்போது, எல்லாம் இப்போது என்று சொல்லிப் பார்த்தேன். ஆறுதலாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பிப்ரவரி 23

மாடியில் சத்தம். மெதுவாக, விடாமல், தூங்குகிறவர் மூச்சு விடுவதுபோல. அவள் அறைக் கதவுக்கடியில் வெளிச்சம் வேறு. "குட்டி" என்று கூப்பிட்டே விட்டேன், பட்டப்பகலில்.

கருவிக்குள் சூடு ஆற்றும் சின்ன விசிறியாம், வெளிச்சம் அதன் விளக்காம். கூடத்தில் ஒரு கடிகாரம், அவள் மேசையில் ஒரு கடிகாரம், நடுவில் ஃபைபர். லேசர் துடிப்பு இங்கிருந்து அவள் அறைக்குப் போகிறது, திரும்பி வருகிறது, போகிறது. நாள் முழுக்க யாரோ அந்தக் கதவைத் தட்டித் தட்டிப் பார்க்கிறமாதிரி எனக்கு இருக்கிறது. இவரிடம் சொல்லவில்லை. நான் கூப்பிட்டதை அவரும் கேட்டிருப்பார்.

பிப்ரவரி 24

சத்தம் பழகவில்லை.

பிப்ரவரி 27

சோதனை முடிவு: போவதும் வருவதும் சரிபாதி. இவர் எதிர்பார்த்தது வரவில்லை. "மேல இருக்கற கடிகாரம் நழுவுது" என்று அதைக் கீழே கொண்டுவந்து கூடத்துக் கடிகாரத்தோடு ஒத்துவைத்து, மறுபடி மாடிக்குத் தூக்கிப் போனார். குழந்தையைத் தொட்டிலில் போடப் போகிறவர்போல அடிமேல் அடி வைத்து ஏறுகிறார். வேகமாகப் போனால் நேரம் கெட்டுவிடுமாம். மெதுவாகக் கொண்டுபோனால் கெடாதாம்.

மறுபடி சரிபாதி. மறுபடி ஏறினார். நான்காவது தடவை என்னால் பார்க்க முடியாமல் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 2

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம்.

பதினோராம் பக்கம். கடிகாரத்தைத் தூக்கிப் போகும்போது சமன்பாட்டில் வரும் ஒரு சின்ன உறுப்பை, "மிகச் சிறியது" என்று விட்டுவிட்டார். சிறியதுதான். ஆனால் மெதுவாகத் தூக்கிப்போனால் அதிக நேரம் ஆகும். சின்னப் பிழை அத்தனை நேரமும் சேர்ந்துகொண்டே வரும். கடைசியில் வருவது சின்னதே இல்லை. அதைச் சேர்த்தால் இவருடைய கணக்கிலேயே சோதனை எப்போதும் சரிபாதியைத்தான் காட்ட வேண்டும். கடிகாரம் நழுவவில்லை. மாடிப்படி ஏறும்போதே சரிபாதியையும் கூடவே தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்.

உறுப்பைச் சேர்த்து முழுவதையும் மாற்றி எழுதினேன். இரண்டு பக்கத்தில் வழக்கமான சார்பியல் வந்துவிட்டது, குறியீடு மட்டும் வேறு. இவர் எழுதியது தப்பில்லை. புதிதும் இல்லை. எந்தச் சோதனையாலும் இதை நிரூபிக்கவும் முடியாது, பொய்யாக்கவும் முடியாது.

என் மாணவன் ஒருவன் இதைச் செய்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பேன்.

மார்ச் 3

சொல்லவில்லை. "எது வரைக்கும் படிச்சே?" என்றார். "பத்தாம் பக்கம்" என்றேன்.

மார்ச் 5

இயற்பியல் துறை தாடிக்காரரிடம் ஆசிரியர் அறையில் பேச்சுக் கொடுத்தேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டே சொன்னார்: "அழகான மாடல்தான் மேடம். வர்றது உடனே வந்துடும், எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. இன்னொரு பக்கம் பாருங்க. நாம சொல்றது போய்ச் சேர டபுள் டைம் ஆகும். நான் இங்கேர்ந்து கத்தினா, அங்க இருக்கறவன் கேக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்."

பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அதை மீட்பதில் இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து காகிதங்களை மறுபடி புரட்டினேன். வருகிற ஒளியைப் பற்றி எழுதியிருப்பது நாலே பக்கம். மற்றதெல்லாம் போகிற ஒளி. போகிற சமிக்ஞை எவ்வளவு பிந்தலாம், எந்த எல்லைவரை பிந்தலாம், அதற்குமேலும் பிந்த வழி உண்டா. மூன்று இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

எதைப் போய்ச் சேரவிடாமல் செய்யப் பார்க்கிறார் இந்த மனுஷர்?

மார்ச் 8

எழுதிவிட வேண்டும்.

மதியம் சாப்பிட்டதும் பதினோராம் பக்கத்தை எடுத்துவைத்து, விட்டுப்போன உறுப்பைக் காட்டினேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். வாதாடுவார் என்று நினைத்தேன்.

"ஆமா," என்றார். "அப்ப ஒண்ணும் மாறாது."

"தப்புன்னு சொல்லலைங்க. ரெண்டு கணக்கும் ஒண்ணுதான். எப்படி வேணா வெச்சுக்கலாம்."

"வெச்சுக்கறது இல்லம்மா. எனக்குத் தெரியணும்."

"அவ சிரிச்சது உங்களுக்குத் தெரியுமே. அதை எந்தக் கணக்கும் மாத்தாது."

அப்போதுதான் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவ புது ஆபீஸ் கட்டடம் தெரியலன்னேன். அவ போனை மூஞ்சிகிட்ட வெச்சிருந்தா. 'ஒரு அடி பின்னாடி போம்மா, மூக்கு மட்டும்தான் தெரியுது'ன்னேன். சிரிச்சா. பின்னாடி போனா. படம் நின்னுடுச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அறையில் இருந்த எல்லாச் சத்தமும் போய்விட்டது. மாடி விசிறிச் சத்தம் மட்டும்.

"அவளா நகர்ந்தாளா, நான் சொன்னதுக்கு நகர்ந்தாளா? நான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேர்றதுக்கு முந்தியே அவ நகர்ந்திருந்தா—" என்று ஆரம்பித்தவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லு. உனக்குத்தான் கணக்கு தெரியும். போய்ச் சேர்ந்திருக்குமா?"

அந்த மாதிரி என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவளை வயிற்றில் சுமந்தவள் நான். எழுந்து போயிருக்கலாம். கையில் கிடைத்ததைத் தூக்கி அடித்திருக்கலாம்.

"சேர்ந்திருக்காது," என்றேன்.

"எப்படிச் சொல்றே?"

"போட்டுப் பார்த்தேன். நீங்க விட்ட உறுப்பைச் சேர்த்தா வருது. நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள அவளே நகர்ந்துட்டா."

அந்த உறுப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சிரிக்கும். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அப்படியா?" என்றார். பதினோராம் பக்கத்தை மடித்துவைத்துவிட்டு, "சரி" என்றார்.

மார்ச் 9

மத்தியானம் வரை தூங்கினார். ஆகஸ்டிலிருந்து இப்படித் தூங்கிப் பார்த்ததில்லை. இரண்டு தடவை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

மார்ச் 12

கரும்பலகையில் பாதி நிரூபணத்தில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் எனக்குக் கணக்கு மறந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

சிரித்தாளே.

மூக்கு மட்டும்தான் தெரியுது என்றார், சிரித்தாள். எதற்குச் சிரித்தாள்? அதற்குத்தான். அவர் சொன்னது போய்ச் சேர்ந்திருக்கிறது. சேர்ந்ததால்தான் சிரிப்பு திரும்பி வந்தது. இதற்கு இரண்டாவது கடிகாரம் வேண்டாம், மாடல் வேண்டாம், சரிபாதி வேண்டாம். போனது, வந்தது. எந்தக் கணக்கிலும் இது மாறாது. நான் வகுப்பில் மாறிலி என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்த சங்கதி.

தவிர, நடுவிலுள்ள இயந்திரங்களின் தாமதத்தைக் கழித்தால் ஒளிக்கென்று மிஞ்சுவது கண் இமைப்பதில் ஒரு துணுக்கு. அதை இரட்டிப்பாக்கினால் என்ன, பத்து மடங்கு ஆக்கினால் என்ன? அவளைக் காப்பாற்ற அது போதாது. அவரைக் காப்பாற்றவும் போதாது.

அவருக்கு இது தோன்றிவிடக் கூடாது. கடவுளே, அவருக்கு மட்டும் தோன்றிவிடக் கூடாது.

மார்ச் 14

கோபம். காலையில் பல் துலக்கும்போது திடீரென்று வந்தது. கட்டடத்தைப் பார்க்காவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்? மூக்கு தெரிந்தால் போதாதா? அவள் மூக்கை நான் இன்னொரு தடவை பார்க்க எதையும் கொடுப்பேன். அவர் தட்டை மேசையில் ணங்கென்று வைத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார். அதற்கும் கோபம் வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 20

கருத்தரங்கு. கருப்புப் பேண்ட், இஸ்திரி போட்ட சட்டை. எழுந்து நின்று, "இதை ஒரு புதுக் கொள்கைன்னு நெனச்சுத்தான் எழுத ஆரம்பிச்சேன். இல்ல. பழையதையே வேற மாதிரி எண்ணிப் பாத்திருக்கேன். எங்க தப்பு பண்ணேன்னு காட்டறேன், உங்களுக்காவது உதவும்" என்று தொடங்கினார். பதினோராம் பக்கத்தைப் பலகையில் போட்டார். தாடிக்காரர் இரண்டு கேள்வி கேட்டார், மரியாதையாக. ஒரு பெண் மட்டும், "அப்ப ஒருவழி நேரம் நமக்கு எப்பவுமே தெரியாதா சார்?" என்றாள்.

"தெரியாது," என்றார். "பதில் வந்தாத்தான் எதுவுமே தெரியும்."

அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

மார்ச் 25

மாடிக் கடிகாரத்தைக் கழற்றி அலுவலகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறார். நாத்தனார் போனில், "பாத்தீங்களா அண்ணி, நான் நேர்ந்துகிட்டது வீண்போகல" என்றாள். சரி, அவளுக்கே போகட்டும் பெருமை.

விசிறிச் சத்தம் நின்றுவிட்டது. எனக்குக் கேட்கிறது.

மார்ச் 31

அவர் தேறிவிட்டார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், பக்கத்து வீட்டுக்காரரோடு தண்ணீர்த் தொட்டிக்காகச் சண்டை போடுகிறார். நான்தான் இப்போது கணக்குப் போடுகிறேன். பேருந்தில், தேர்வு மேற்பார்வையில், வெங்காயம் நறுக்கும்போது. "ஒரு அடி" என்பதிலேயே கேட்டிருப்பாளா, "பின்னாடி" என்பதிலா? சிரித்துக்கொண்டே நகர்ந்தாளா, சிரித்து முடித்தா? படம் நின்றபோது காலை எடுத்துவைத்துவிட்டாளா? பொய் சொன்னவளுக்குத்தான் நிஜம் என்னவென்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 6

ஞாயிற்றுக்கிழமை. அவர் வெளியே போயிருக்கிறார் என்று நினைத்தேன். அடுப்பில் பால். போனில் நொடி எண்ணும் கடிகாரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிய வேண்டும்போல இருந்தது. முதல் தடவை குரல் உடைந்துவிட்டது. இரண்டாவது தடவை, அவர் சொல்லியிருக்கிற மாதிரியே, கொஞ்சம் விளையாட்டாக: "ஒரு அடி பின்னாடி போம்மா, மூக்கு மட்டும்தான் தெரியுது."

"ரெண்டு செகண்டுக்குக் கொஞ்சம் அதிகம் வரும்," என்றார் பின்னாலிருந்து.

கையில் காய்கறிப் பை. எவ்வளவு நேரமாக நின்றாரோ. பையை இறக்கிவைத்தார்.

"நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்," என்றார். "வேணாம், விடு. போய்ச் சேர்ந்துச்சு. அதான் சிரிச்சாளே."

"எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே. படம் நின்ன அன்னைக்கே."

"அப்ப நான் சேர்ந்திருக்காதுன்னு சொன்னப்ப... ஏன் சரின்னீங்க?"

காய்கறிப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். "பசங்க ஒரு குறியை மாத்திப் போட்டா அன்னைக்கெல்லாம் உனக்குச் சோறு எறங்காது. நீ எனக்காகத் தப்புக் கணக்கு சொன்னே. தெரிஞ்சே சொன்னே. அதுக்கப்புறந்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

"எனக்கு உங்க மேல கோபம் இருக்கு," என்றேன்.

"தெரியும். இருக்கட்டும்."

பால் பொங்கி வழிந்தது. அவர்தான் போய் அணைத்தார். துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தார், மூலைமுடுக்கெல்லாம், ரொம்ப நேரம். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை மாதத்தில் ஒன்றை நான் அவரிடம் கேட்டதே இல்லை. அந்தச் சிரிப்பை அவர் ஒருவர்தான் பார்த்தார். நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

"எப்படிச் சிரிச்சா, சொல்லுங்க," என்றேன்.

துணியைப் பிழிந்து போட்டுவிட்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னார். முதலில் மூக்கைத்தான் சுருக்கினாளாம்.